விளிச்சா வந்தா மதி

லோகாம்பாளோடு யாரும் முகத்துக்கு நேர் முகம் உட்கார்ந்து பேசியதில்லை. மட்டாஞ்சேரியில் அந்தத் தெருவில் இருந்த எல்லோருக்கும் இது தெரியும். அவள் வீட்டுக்குப் போனால் வாசல் அறையில் பாய் விரித்துப் போடுவாள், காபி கொண்டுவந்து வைப்பாள், எல்லாம் முறையாகச் செய்வாள். தான் மட்டும் கொல்லைக் கதவைப் பார்த்த மாதிரி உட்காருவாள். பேச்சு நடுவில் கழுத்து தன்னால் அந்தப் பக்கம் நீளும். புதிதாக வந்தவர்கள் அடுப்பில் பால் வைத்திருக்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்துச் சீக்கிரம் எழுந்து போய்விடுவார்கள். பால் ஒன்றும் இல்லை. கொல்லைக் கதவுக்கு அந்தப் பக்கம் இரண்டு தென்னைகள், அவற்றுக்கு நடுவில் பாலஸ் ரோட்டுக் கட்டடங்களின் பின்புறம், அதில் ஒரு மாடிக் கம்பி. அந்தக் கம்பியில் சிவப்பும் மஞ்சளுமாய்ப் பட்டை போட்ட பவானி ஜமக்காளம் ஒன்று தொங்குகிறதா இல்லையா என்றுதான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினைந்து வருஷம் அதைத்தான் பார்த்தாள்.

புருஷன் வெங்கிடராமன் கொச்சங்காடியில் ஒரு மிளகுக் கிடங்கில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். குனிந்த தலை நிமிராத மனுஷன். எழுபத்தொன்றாம் வருஷம் மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தவர் அப்புறம் எழுந்திருக்கவில்லை. ஒரே பெண் ஸ்வர்ணலதா அப்போது மூன்றாம் வகுப்பில் இருந்தாள். பாலக்காட்டிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் காரியம் முடிகிறவரை இருந்தார்கள், அழுதார்கள், ஏதாவது வேண்டுமென்றால் ஒரு வரி எழுது என்று சொல்லிவிட்டு ரயிலேறினார்கள். எழுதினால் என்ன வரும் என்று அவளுக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

அந்த நேரத்தில் கை கொடுத்தவர் கல்யாணராமன். வெங்கிடராமனுக்குத் தூரத்து உறவு, தம்பி முறை. பாலஸ் ரோட்டில் விமலா டெக்ஸ்டைல்ஸ் என்ற துணிக்கடை அவருடையது. நெற்றியில் சந்தனக் கீற்று, சிரித்த முகம், யாரையும் ஒரு சொல் கடிந்து பேசமாட்டார். அவரைக் கெட்டவர் என்று சொன்னால் மட்டாஞ்சேரியில் ஒருத்தரும் நம்பமாட்டார்கள். அதுதான் அவருடைய சாமர்த்தியம். பதின்மூன்றாம் நாள் வந்து சாப்பிட்டுவிட்டு, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்.

"மன்னி, ஆத்துக்குள்ளேயே இருந்து துக்கப்பட்டுண்டு இருக்க வேண்டாம். ஒம்பது கெஜம் எடுத்துக் காட்டறதுக்கு நம்ம மனுஷா ஒருத்தர் கடையில இருந்தா நேக்கும் சௌகர்யமாக்கும். தெனம் வந்து நிக்கணும்னு ஒண்ணும் இல்லை. விளிச்சா வந்தா மதி."

மலையாளத்தில் மதி என்றால் போதும். விளித்தால் என்பது கூப்பிட்டால். பல தலைமுறையாக அங்கேயே இருந்துவிட்ட தமிழர்கள் வாயில் அவை தமிழாகவே ஆகிவிட்டன. கூப்பிட்டால் வந்தால் போதும் என்கிறார்! லோகாம்பாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. சின்னப் பெண்ணை வைத்துக்கொண்டு தனியாக இருக்கிறவள் நாள் பூராவும் கடையில் நிற்க முடியாதே என்று அவரே யோசித்துச் சொல்லியிருக்கிறார் என்று நினைத்தாள். அதிலும் வாய் நிறைய மன்னி என்று அழைத்து. கடையில் மற்றப் பெண்களை அவர் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். அண்ணன் பெண்டாட்டி என்ற மரியாதை அவள் ஒருத்திக்குத்தான். அந்த ஒரு சொல்லுக்காக அவள் சம்பளத்தில் பாதியை விட்டுக்கொடுத்திருப்பாள். விட்டுக்கொடுக்கவும் செய்தாள், தெரியாமல்.

கூப்பிடுவதற்கு அவள் வீட்டில் டெலிபோனா இருந்தது? அதற்கும் கல்யாணராமனே ஒரு வழி கண்டுபிடித்தார். கடையில் திரக்கு ஏறினால், அதாவது கூட்டம் சேர்ந்தால், மாடியில் பின்பக்கத்துக் கம்பியில் அந்த ஜமக்காளத்தைத் தொங்கவிடச் சொல்வார். சுற்று வட்டத்தில் நாலைந்து சந்துகளிலிருந்து பார்த்தால் அது தெரியும். லோகாம்பாளைப் போலவே கூப்பிட்டால் வருகிற பெண்கள் இன்னும் ஐந்து பேர் இருந்தார்கள். ஜமக்காளம் தெரிந்ததும் ஆறு பேரும் ஆறு திசையிலிருந்து சந்து வழியாக விழுந்தடித்து ஓடி வருவார்கள். கூட்டம் கலைந்ததும் ஜமக்காளம் உள்ளே போகும். மன்னி, இனி புறப்படலாம் என்று அவர் சிரிப்பார்.

மட்டாஞ்சேரியில் கூட்டம் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஓணம், விஷு என்றால் தெரிந்த கணக்கு. பெருநாள் வரும், கிறிஸ்துமஸ் வரும், குஜராத்திகள் தீபாவளிக்கு வருவார்கள், செறளாயிலிருந்து கொங்கணிக்காரர்கள் கல்யாணத்துக்கு எடுக்கக் குடும்பத்தோடு வந்து இறங்குவார்கள். ஒரு நாள் காலையில் இரண்டு மணி நேரம், மறுநாள் ஒன்றுமில்லை, அதற்கடுத்த நாள் விளக்கு வைத்த பிறகு ஒரு மணி நேரம். கடைக்குள் கால் வைத்ததிலிருந்து ஜமக்காளம் உள்ளே போகிறவரைதான் கூலி. அது உள்ளே போன பிறகுதான் உண்மையான வேலையே ஆரம்பிக்கும். வந்தவர்கள் இழுத்துப் போட்டுவிட்டுப் போன புடவைகள் மலையாகக் கிடக்கும். "நம்ம கடைதானே மன்னி, ஒண்ணு மடக்கி வெச்சுட்டுப் போங்கோ" என்பார். அது கணக்கில் வராது. வீட்டில் கதவோரம் உட்கார்ந்து வானத்தைப் பார்க்கிற மாதிரி மாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாளே, அதுவும் கணக்கில் வராது. ஸ்திரமாக இருந்த பெண்களுக்கு மாதச் சம்பளமும் ஞாயிற்றுக்கிழமை லீவும் ஓணத்துக்குப் போனஸும் இருந்தன. இவளுக்கு ஓணத்துக்கு ஒரு நேரியது, தோளில் போடுகிற கரைத்துணி, அதையும் இரண்டு கையாலும் நீட்டிக் கொடுப்பார். லீவு கிடையாது. வேலை நாள் என்று ஒன்று இருந்தால்தானே லீவு என்று ஒன்று இருக்கும்.

ஒரு தடவை ஸ்வர்ணலதாவுக்கு அம்மை வார்த்திருந்தபோது ஜமக்காளத்தைப் பார்த்தும் லோகாம்பாள் போகவில்லை. கல்யாணராமன் ஒரு வார்த்தை கோபித்துக்கொள்ளவில்லை. குழந்தைக்குத் தேவலையா என்று அக்கறையாக விசாரித்தார். ஆனால் அடுத்து அவள் ஓடிப்போய் மூச்சிரைக்க நின்ற போதெல்லாம், இன்னிக்கு ஆள் தெகஞ்சுடுத்து மன்னி, நீங்க ஆத்துல ரெஸ்ட் எடுங்கோ என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். அது ஒரு மாதம் நடந்தது. அந்த மாதம் பெண்ணுக்குக் கஞ்சியும் தனக்குக் கஞ்சித் தண்ணீருமாகக் கழித்தாள். அதற்குப் பிறகு அவள் எதற்காகவும் வராமல் இருந்ததில்லை.

எதற்காகவும் என்றால் எதற்காகவும்தான். ஒரு சனிக்கிழமை பெண்ணுக்கு எண்ணெய் தேய்த்துத் தலையில் சீயக்காய் அப்பி இருக்கிறாள், ஜமக்காளம் தொங்கிவிட்டது. இதோ வந்துடறேன் கண்ணை மூடிக்கோ என்று சொல்லிவிட்டு ஓடினாள். பெண் கண்ணை மூடிக்கொண்டு கிணற்றடியில் உட்கார்ந்தே இருந்தது. பக்கத்து வீட்டு மீனாக்ஷி பார்த்துத் தண்ணீர் விட்டு அலசி விட்டாளாம். மாலையில் வந்து பார்த்தபோது குழந்தையின் கண் இரண்டும் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தது. என்னத்துக்குடி கண்ணைத் திறந்தே என்று இவள் அதட்டினாள்.

இன்னொரு நாள், கர்க்கடக மாத மழைக்கு நடுவில் சற்று வெயில் அடித்தது. கம்பியில் ஜமக்காளம். சேற்றில் சறுக்கி விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு போய் நின்றால் கடையில் ஈ காக்கை இல்லை. கல்யாணராமன் அவளைப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "அய்யோ மன்னி, அது உணக்கப் போட்டதாக்கும்." மழையில் ஓதம் ஏறிவிட்டது என்று காயப் போட்டிருக்கிறார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். வேறு என்ன செய்வது? சிரித்துக்கொண்டே திரும்பி வந்தாள்.

எழுபத்துநாலில், ஒருத்தி விட்டுப்போன இடத்துக்குப் பேச்சியம்மாள் வந்து சேர்ந்தாள். கோவில்பட்டிப் பக்கம். புருஷன் இசக்கிமுத்து கொச்சங்காடிக் கிடங்குகளில் மூட்டை தூக்குகிறவன். கைக்குழந்தையை வீட்டு விட்டத்தில் தொங்குகிற ஏணையில் போட்டுவிட்டு ஓடி வருவாள். புடவை மடிப்பதில் அவளை அடிக்க ஆளில்லை. மலையாளம் மட்டும் பிடிபடவில்லை. வந்த புதிதில் ஒரு நாள், மலையாகக் கிடந்த புடவைகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, மொதலாளி நல்ல மனுசன் மாமி என்றாள். என்னத்தைக் கண்டே என்று லோகாம்பாள் கேட்டாள்.

"வந்தா மதி, வந்தா மதிங்காகளே. நாம வந்தா மதிக்காக. எங்க ஊர்ல சொமை தூக்குறவள யாரு மாமி மதிக்கா?"

லோகாம்பாள் சிரித்துவிட்டு அர்த்தத்தைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தத் தப்பர்த்தம் அவளுக்கும் பிடித்திருந்தது. மதிப்பதால்தானே மன்னி என்கிறார் என்று அவளும் ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தாள். அன்று அவள் வாய் திறந்திருந்தால் பின்னால் நடந்தது ஒன்றும் மாறியிருக்காது, ஆனாலும் அது அவள் மனதில் முள்ளாகவே கிடந்தது.

பேச்சியம்மாள் ரொம்ப நாள் ஏமாந்திருக்கவில்லை. ஐந்து வருஷத்தில் கடையை அளந்துவிட்டாள். மாமி, நாம கூப்பிட்டா வாரவுக இல்லை, எப்பக் கூப்பிடுவாகன்னு காத்துக் கெடக்கவுக என்றாள். காத்துக்கிடக்கிற நேரத்தில் வேறு வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போக முடிகிறதா, அப்பளம் இடப் போக முடிகிறதா, பிள்ளையை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போக முடிகிறதா? கிடைக்கிற கூலி இரண்டு மணி நேரத்துக்கு, கட்டிப் போட்டிருப்பது நாள் பூராவும். ஆறு பேரும் கூடிப் பேசினார்கள். பஜார் ரோட்டில் இருந்த யூனியன்காரர் ஒருவர் மனு எழுதிக் கொடுத்தார். கேட்டது பெரிதாக ஒன்றும் இல்லை. எங்களை ஸ்திரமாக்க வேண்டும், இன்ன நேரம் வரவேண்டும் இன்ன நேரம் போகலாம் என்று முன்கூட்டிச் சொல்ல வேண்டும். லோகாம்பாளுக்கும் அந்த ஆசை இருந்தது. நாளைக்கு என்ன என்பது இன்றைக்கே தெரிய வேண்டும், ஒரு நாள் முழுசாகப் பெண்ணின் பக்கத்தில் உட்கார வேண்டும். அவளும் கையெழுத்துப் போட்டாள்.

லேபர் ஆபீசர் கடைக்கே வந்து விசாரிப்பார் என்று தெரிந்தது. மூத்தவள் என்பதால் லோகாம்பாளைத்தான் முதலில் கேட்பாராம். அன்று காலை பேச்சியம்மாள் வீட்டுக்கே வந்தாள். உள்ளே கூப்பிடுகிற வழக்கம் இல்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை. கொல்லைப்பக்கம் கிணற்றடியில் நின்று சொன்னாள்.

"மாமி, நீங்க சொன்னாத்தான் எடுபடும். காத்துக் கெடக்கதும் வேலைதான்னு மட்டும் சொல்லிப் போடுங்க. வேற ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

சொல்கிறேன் என்றாள் லோகாம்பாள். அந்தச் சமயத்தில் மனசாரச் சொன்னதுதான்.

மாடியில் நாற்காலி போட்டு ஆபீசரை உட்கார்த்தியிருந்தார்கள். கல்யாணராமன் எழுந்து நின்று, இவங்க எனக்கு மன்னி முறை, எங்க அண்ணாவோட ஆத்துக்காரி என்று அறிமுகம் செய்தார். ஆபீசர் மரியாதையாக இன்னொரு நாற்காலியைக் காட்டினார். எட்டு வருஷத்தில் அந்தக் கடையில் அவள் நாற்காலியில் உட்கார்ந்தது அன்றுதான். கீழே ஐந்து பேர் நிற்கிறார்கள், தான் மட்டும் உட்கார்ந்திருக்கிறோம் என்ற நினைப்பே ஒரு மாதிரி போதையாக ஏறியது. ஆபீசர் மலையாளத்தில் கேட்டார். அம்மா, தினமும் வரவேண்டும் என்று உங்களுக்கு நிர்ப்பந்தம் உண்டா?

நிர்ப்பந்தம் என்ற சொல் அவளைச் சுட்டது. வெங்கிடராமனின் பெண்டாட்டி, நாலு பேர் மதித்த குடும்பம், ஒருத்தன் விரட்டி வேலை வாங்குகிற கூலிக்காரி என்று ஒரு அந்நிய மனுஷனிடம் எப்படிச் சொல்வது? எதிரில் கல்யாணராமன் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறார். பதின்மூன்றாம் நாள் வாசலில் நின்ற அதே முகம். அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நிர்ப்பந்தம் ஒண்ணும் இல்லை. அவர் நேக்கு அப்படி ஒரு கஷ்டமும் வெச்சதில்லை. விளிச்சா வந்தா மதி."

பெருமையாகச் சொன்னாள். தன்னைப் பற்றி நல்லபடியாக ஏதோ சொல்லிவிட்டோம் என்று நினைத்தாள். ஆபீசர் தலையாட்டிவிட்டு எழுதிக்கொண்டார். காத்துக் கிடப்பதைப் பற்றி அவர் கேட்பார், அப்போது சொல்லலாம் என்று அவள் காத்திருந்தாள். அவர் கேட்கவில்லை. காத்திருந்தே பழகியவளுக்குத் தானாக வாயைத் திறந்து சொல்லவும் தெரியவில்லை. வணக்கம் சொல்லிவிட்டு இறங்கி வந்தாள். படியடியில் பேச்சியம்மாள் நின்றிருந்தாள். சொல்லிட்டீகளா மாமி என்று கேட்டாள். சொல்லிட்டேன் என்றாள் லோகாம்பாள்.

தீர்ப்பு வந்தபோது யூனியன்காரர் அதை வாசித்து, தமிழில் அர்த்தம் சொன்னார். இந்தப் பெண்கள் தங்கள் சௌகரியம் போல வந்து போகிறவர்கள், வரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை, ஆகவே கடையின் தொழிலாளர்கள் ஆகமாட்டார்கள். இது இவர்களில் மூத்தவரே தன் வாயால் சொன்னது. வாசித்து முடித்துவிட்டு அவர் லோகாம்பாளைப் பார்க்கவில்லை. மற்றவர்கள் பார்த்தார்கள்.

கல்யாணராமன் யாரையும் வேலையை விட்டு நிறுத்தவில்லை. நிறுத்துவதற்கு அவர்கள் வேலையில் இருந்தால்தானே. அடுத்த முறை ஜமக்காளம் தொங்கியதும் எல்லோரும் ஓடினார்கள். லோகாம்பாளை உள்ளே விட்டார். பேச்சியம்மாளை வாசலிலேயே நிறுத்தி, சிரித்த முகத்தோடு, "நீ இனி வரண்டாம். மதி" என்றார். அவள் உள்ளே புடவைக் கட்டோடு நின்றிருந்த லோகாம்பாளைப் பார்த்தாள்.

"மதின்னா போதும்னு அர்த்தமாமே மாமி. இம்புட்டு நாளாத் தெரியாமப் போச்சு."

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. சாதாரணமாகத்தான் சொன்னாள். அந்த மாதமே இசக்கிமுத்துவும் அவளும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆலுவாவுக்குப் போய்விட்டார்கள். அங்கே ஏதோ ஓட்டலில் மாவாட்டுகிறாள் என்று கேள்வி.

லோகாம்பாள் தொடர்ந்து போய்க்கொண்டிருந்தாள். வெட்கமில்லையா என்று கேட்கலாம். இருந்தது. ஆனால் வெட்கத்தை வைத்து ஸ்வர்ணலதாவுக்குப் புஸ்தகம் வாங்க முடியாது. புடவை மடிக்கிறபோது பக்கத்து இடம் காலியாக இருப்பது தெரியும். ஒரு வாக்கியம், ஒரே ஒரு வாக்கியம் மாற்றிச் சொல்லியிருந்தால் என்று மனசு அரிக்கும். கொல்லைக் கதவோரம் உட்கார்ந்து அந்த ஆபீசரிடம் சொல்ல வேண்டியதை மெல்லிய குரலில் சொல்லிப் பார்ப்பாள். ஒவ்வொரு தடவையும் சரியாகவே வரும்.

ஸ்வர்ணலதா தட்டெழுத்து படித்தாள், கல்யாணமும் ஆனது. மாப்பிள்ளைக்கு பம்பாயில் வேலை. கல்யாணத்துக்கு முதல் நாள் அந்தப் பெண் அம்மாவின் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பியது. "அம்மா, நாளைக்கு ஒரு நாளாவது என்னைப் பாத்துண்டு நில்லு" என்றது. லோகாம்பாள் சிரித்து மழுப்பினாள். மறுநாள் தாலி கட்டும்போது பார்த்துக்கொண்டுதான் நின்றாள், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பிடி தாடையில் ரொம்ப நாள் இருந்தது.

எண்பத்தாறில் கடையை இடித்துக் கட்டினார்கள். கண்ணாடிக் கதவு வந்தது, ஒரே நிறத்தில் புடவை கட்டிய சின்னப் பெண்கள் வந்தார்கள், கல்யாணராமனின் மகன் கல்லாவில் உட்கார்ந்தான். ஓணம் வந்து போனது. ஜமக்காளம் தொங்கவில்லை. விஷு வந்து போனது. தொங்கவில்லை. நீ இனி வரவேண்டாம் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் யாருக்கும் இல்லை. கூப்பிடாமல் இருந்தாலே போதுமே. பம்பாயிலிருந்து மாதா மாதம் மணியார்டர் வந்தது, சாப்பாட்டுக்குக் குறைவில்லை. ஆனாலும் அவள் கொல்லைக் கதவைப் பார்த்தே உட்கார்ந்தாள். கழுத்து கேட்டால்தானே.

தொண்ணூற்றுமூன்றில் ஒரு நாள் வாசலில் பேச்சியம்மாள் வந்து நின்றாள். தலை பாதி நரைத்திருந்தது. மாவாட்டி ஆட்டித் தோள் அகன்றிருந்தது. ஏணையில் கிடந்த பாக்கியலக்ஷ்மிக்குக் கல்யாணமாம். ஆலுவாவில் ஆற்றுக்குப் பக்கத்தில் சின்ன மண்டபம், காலை முகூர்த்தம். லோகாம்பாள் அவளை முதல் தடவையாக உள்ளே கூப்பிட்டுப் பாயில் உட்காரச் சொன்னாள். என்ன சீர் செய்வது, கையில் அதிகம் இல்லையே என்று ஏதோ முணுமுணுத்தாள். பேச்சியம்மாள் சிரித்தாள். இத்தனை வருஷத்தில் அவளுக்கு மலையாளம் நன்றாக வந்திருந்தது.

"அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம் மாமி. விளிச்சிருக்கேன். நீங்க வந்தா மதி."

அவள் குத்திக்காட்டவில்லை, அப்படிப்பட்டவள் இல்லை. ஆனால் கேட்டவளுக்கு நெஞ்சில் இறங்கியது. எப்படியும் போய்விட வேண்டும், தாலி கட்டுமுன் போய் அவள் பக்கத்தில் நிற்க வேண்டும், அன்றைக்கு மாடியில் சொல்லாததை அங்கே சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தாள். முதல் நாளே புடவையை எடுத்து வைத்தாள். விடியலில் குளித்துவிட்டுத் தயாரானாள். எர்ணாகுளத்துக்குப் போட் ஏறி அங்கிருந்து பஸ் பிடித்தால் முகூர்த்தத்துக்கு முன்பே போய்விடலாம். வாசல் கதவைப் பூட்டுமுன் கொல்லைக் கதவைச் சாத்தப் போனாள்.

கம்பியில் ஜமக்காளம் தொங்கிக்கொண்டிருந்தது. அதே சிவப்பு, அதே மஞ்சள்.

தனக்கில்லை என்று அவளுக்குத் தெரியும். ஏழு வருஷமாகத் தொங்காதது இன்று தொங்கினால் அதில் என்ன அர்த்தம் இருக்கும்? புத்திக்குத் தெரிந்தது. கால் கேட்கவில்லை. போட் ஜெட்டிக்குப் போக வேண்டிய கால் சந்துக்குள் திரும்பிவிட்டது. பட்டுப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அறுபதை எட்டிய மனுஷி ஓடினாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்ற பெண், என்னம்மா வேணும், புடவையா என்று மலையாளத்தில் கேட்டாள். லோகாம்பாள் மேலே கையைக் காட்டினாள். அந்தப் பெண்ணுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் பரிதாபமாகப் பார்த்தாள். பரணைக் காலி செய்தபோது கிடைத்ததாம், துவைத்து உணக்கப் போட்டிருக்கிறதாம். அந்தப் பெண்ணுக்குப் பின்னால் மாடிப்படியில் நாலைந்து பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நீங்கள் எல்லாம் என்ன செய்கிறீர்கள் என்று லோகாம்பாள் கேட்டாள். திரக்கு ஆனால் விளிப்பார்கள் என்றாள் ஒருத்தி.

போட் போய்விட்டது. அடுத்ததைப் பிடித்து, பஸ் மாறி, ஆலுவாவில் விசாரித்து மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சியில் இருந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் புறப்பட்டுப் போயிருந்தார்கள். பந்தலில் எச்சில் இலைகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்த பேச்சியம்மாள் அவளைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். புடவையின் கீழ்ப்பகுதியில் ஒட்டியிருந்த சந்துச் சேற்றைப் பார்த்தாள். ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்கவில்லை.

"துணி தொங்குச்சா மாமி?"

"உணக்கப் போட்டிருந்தா" என்றாள் லோகாம்பாள். சொல்லும்போதே குரல் உடைந்து அழுகை வந்துவிட்டது. புருஷன் போனபோதுகூட அப்படி அழுததில்லை.

பேச்சியம்மாள் ஒரு இலையைக் கழுவிப் போட்டாள். சாதம் கொண்டுவந்தாள். அவள் கையால் லோகாம்பாள் அதுவரை ஒரு வாய் தண்ணீர்கூட வாங்கிக் குடித்ததில்லை. இன்று இலைக்கு முன்னால் உட்கார்ந்தாள். வாசல் அவளுக்கு முதுகுப் பக்கம் இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. எதிரே குனிந்து பரிமாறுகிறவளின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"பேச்சி, அன்னிக்கு நீ சொல்லச் சொன்னதை நான் சொல்லலை. சொல்லிட்டேன்னு நோக்குப் பொய் சொன்னேன்."

"தெரியும் மாமி. ஆறிப் போகுது, சாப்பிடுங்க."

சாதத்தின் மேல் சாதம் விழுந்தது. லோகாம்பாள் இலைக்கு மேல் கையை நீட்டி மறித்து, மதி, மதி என்றாள். பேச்சியம்மாள் அந்தக் கையை மெல்ல விலக்கினாள்.

"அந்தச் சொல்லு மட்டும் இங்க வேண்டாம் மாமி" என்று சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி போட்டாள்.